அட்டைப்பெட்டியில் 2000 யார்டு

முதல்ல ஒரு டிஸ்கி. நம்ம ஊர்ல இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதோட 1991 திருத்தமும் சேர்ந்து வேட்டைக்கு மங்களம் பாடிடுச்சு. இது அமெரிக்காவின் மேற்குப் பக்கம், வயோமிங், கொலராடோ மாதிரி இடங்களில் லைசென்ஸும் டேகும் வாங்கிக்கிட்டு மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கான பதிவு. அதில் நம்மாளுங்களும் உண்டு. எச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கி வச்சுக்க ஃபெடரல் சட்டம் விடாது. அதுக்கு இருக்கிற சில விதிவிலக்குகளில் ஒண்ணு வேட்டை லைசென்ஸ். துப்பாக்கி ஆசையில் லைசென்ஸ் எடுத்து, எடுத்துட்டோமேன்னு வேட்டையில் இறங்கினவங்க எனக்கே நாலு பேரைத் தெரியும். உயிரைக் கொல்றது பாவம்னு சொல்றவங்களோட சண்டை போட நான் வரலை. அது வேற பதிவு.

மேட்டருக்கு வருவோம். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கக் கடைக்குப் போனா கண்ணாடி அலமாரியில் வரிசையா அடுக்கி வச்சிருக்கான். ஒவ்வொரு டப்பாவிலும் கொட்டை எழுத்தில் ஒரு நம்பர். 1000, 1800, 2000, 3000. நம்பர் ஏற ஏற விலையும் ஏறுது. நாம மெகாபிக்ஸலை எண்ணி கேமரா வாங்கின பரம்பரை. பெரிய நம்பரா பார்த்துத் தூக்கிட்டு வந்துடறோம். அந்த நம்பர் நம்மளை ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை ஏமாத்துது. முதல் ஏமாத்து நம்ம பர்ஸோட போயிடும். ரெண்டாவதுக்கு விலை கொடுக்கிறது மான்.

முதல் ஏமாத்து. இந்தப் பொட்டி வேலை செய்யற விதம் ரொம்ப சிம்பிள். பெரும்பாலும் 905 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். ஒரு பல்ஸ் அனுப்பும், எதிலயோ பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எண்ணும். ஒரு யார்டு போய்வர ஒளிக்குத் தோராயமா 6 நானோசெகண்ட். எண்ணுறது கஷ்டமில்லை, திரும்பி வர ஒளியைப் பிடிக்கிறதுதான் கஷ்டம். நெடுஞ்சாலைப் பலகை வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்பும், அதுக்காகவே செஞ்சது. மானோட பழுப்பு ரோமம் அப்படியா? பாதியை முழுங்கிட்டு மீதியை நாலு திசையிலும் சிதறடிக்கும். டப்பா மேல இருக்கிற நம்பர் அந்தப் பலகைக்கானது. பேரிலேயே 1800 இருக்கிற ஒரு பிரபல மாடலுக்கு அந்தக் கம்பெனியே போட்டிருக்கிற மான் கணக்கு 900 யார்டு. நேர் பாதி! பொய்னு கேஸ் போட முடியாது, உள்ளே பொடி எழுத்தில் இருக்கு. பொடி எழுத்தை யாரு படிக்கிறா? அந்தப் பாதியும் கை ஆடாம, வெயில் கொளுத்தாம இருந்தாத்தான். உச்சி வெயிலில் சூரிய வெளிச்சமே இரைச்சலா வந்து சென்சாரைக் குழப்பும். அந்தி நேரத்தில் எட்டுற தூரம் மதியம் எட்டாது.

இதை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, கடைக்காரர் வாயே திறக்க மாட்டார். லேசர்னா ஊசி மாதிரி போய்க் குத்தும்னு நினைக்கிறோம். இல்லை, டார்ச் லைட் மாதிரி விரியும். எவ்வளவு விரியும்னு மில்லிரேடியனில் சொல்வாங்க. 1 மில்லிரேடியன்னா 1000 யார்டில் 1 யார்டு அகலம். லேசர் டயோடோட வாய் கோடு மாதிரி நீளமா இருக்கிறதால பல மாடல்களில் விழுற வெளிச்சமும் வட்டமா இருக்காது, செவ்வகமா இருக்கும். 0.5க்கு 2.5னு ஒரு ஸ்பெக் எடுத்துக்குங்க. 800 யார்டில் அது 14 இன்ச்சுக்கு 72 இன்ச். ஆறடிப் பட்டை!

இப்ப வயோமிங் புல்வெளிக்கு வாங்க. ப்ராங்ஹார்ன், இங்க எல்லாரும் ஆண்டிலோப்னு சொல்றது, தோள் உயரமே மூணடிதான். பட்டை செங்குத்தா நின்னா பாதி மிருகத்துக்கு மேலயும் கீழயும் வழியுது. முன்னாடி இருக்கிற புல் மேல ஒரு எதிரொலி, பின்னாடி மேடு மேல ஒரு எதிரொலி, நடுவில் மானோடது. பொட்டி இதில் ஏதோ ஒண்ணை எடுத்து ஜம்முனு 812னு காட்டும். அது எதோட தூரம்? பொட்டிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பிளஸ் ஆர் மைனஸ் 1 யார்டுன்னு துல்லியம் வேற போட்டிருப்பான். ஆமாம் சார், ரொம்பத் துல்லியமா புல்லை அளந்து கொடுத்திருக்கு.

இதுவரை சொன்னது பர்ஸ் சமாச்சாரம். நமக்குப் புதுசா, ஊரில் ஃபிரிட்ஜ் வாங்கும்போதே தலையில் மிளகாய் அரைச்சவங்கதானே. என் கோபம் ரெண்டாவது ஏமாத்தில். தூரம் தெரிஞ்சா சுடலாம்னு அந்த நம்பர் நமக்கு ஒரு பர்மிட் கொடுக்குது பாருங்க, அதில்.

கணக்கு போட்டுப் பார்ப்போம், நமக்குத்தான் கணக்குன்னா பிடிக்குமே. .308 வின்செஸ்டர், 175 கிரெய்ன் குண்டு, கிளம்பும் வேகம் நொடிக்கு 2600 அடி. மானோட இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் 8லிருந்து 10 இன்ச் வட்டம், ப்ராங்ஹார்னுக்கு இன்னும் கொஞ்சம் கம்மி. 300 யார்டில் தூரத்தை 10 யார்டு தப்பா அளந்தா குண்டு 1 இன்ச் மேல கீழ போகும். காத்தை மணிக்கு 1 மைல் தப்பா எடை போட்டா முக்கால் இன்ச். ரெண்டும் ஒண்ணும் பண்ணாது. அதே 800 யார்டில் 10 யார்டு தப்பு கிட்டத்தட்ட 5 இன்ச் ஆகுது. சரி, அதைப் பொட்டி பார்த்துக்கும்னே வச்சுப்போம். காத்து? குறுக்கே அடிக்கிற காத்தை வெறும் 1 மைல் தப்பா கணிச்சா 6 இன்ச். நாம கணிக்கிறது நிக்கிற இடத்துக் காத்தை. நடுவில் ஒரு பள்ளம், அந்தப் பக்கம் ஒரு சரிவு, அங்கெல்லாம் காத்து வேற திசையில் வேற வேகத்தில் ஓடுது. 1 மைல் இல்லை, 4 மைல் தப்பு பண்ணாம கணிக்கிற ஆளைக் காட்டுங்க, நான் பார்த்ததில்லை. குண்டு அங்க போய்ச் சேர ஒண்ணேகால் செகண்ட் வேற. மானுக்கு ஒரு எட்டு எடுத்து வைக்க அது போதும். இதில் எதையுமே அந்த 3000 டாலர் பொட்டி அளக்கலை. ஆனா கூடவே இருக்கிற பாலிஸ்டிக் ஆப் மட்டும் "இத்தனை கிளிக் திருப்பு"ன்னு புள்ளி வச்சு தசமத்தில் சொல்லும். உள்ளே போடற காத்து ஊகம், வெளியே வர விடைக்கு ரெண்டு தசம ஸ்தானம். ஆபீஸில் ஒரு ஜூனியர் இப்படி ரிப்போர்ட் கொடுத்தா விடுவோமா?

போன சீசனில் எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் 640 யார்டில் ஒரு ஆண்டிலோப்பைச் சுட்டார். நான் பக்கத்தில் பைனாகுலரோட இருந்தேன். தூரம் சரிதான், மூணு தடவை அளந்தார், மூணு தடவையும் அதே நம்பர். குண்டு ஒன்றரை அடி தள்ளி வயித்தில் பட்டது. முதுகை வளைச்சுக்கிட்டு அது மெதுவா நடந்து மேட்டுக்கு அந்தப் பக்கம் போச்சு. அடிபட்ட இடத்துக்கு நாங்க போய்ச் சேரவே இருபது நிமிஷம். ரத்தம் ரெண்டு சொட்டு, அப்புறம் ஒண்ணுமில்லை. இருட்டற வரை தேடினோம், மறுநாள் காலையிலும் தேடினோம். கிடைக்கலை. வயித்தில் பட்ட மிருகம் உடனே சாகாது, மணிக்கணக்கா இழுத்துக்கிட்டுக் கிடக்கும். அவர் திரும்பி வரும்போது சொன்னது, "ரேஞ்ச் பர்ஃபெக்ட் பாஸ், காத்துதான் சொதப்பிடுச்சு." அந்த பர்ஃபெக்ட் ரேஞ்ச் கையில் இல்லைன்னா அவர் சுட்டே இருக்க மாட்டார். 200 யார்டு பக்கத்தில் போயிருப்பார், இல்லை விட்டுட்டு வந்திருப்பார்.

"அப்போ ரேஞ்ச்ஃபைண்டரே வேண்டாம்கிறியா?" இல்லைங்க, நல்லா கேட்டுக்கோங்க. அது இல்லாத காலத்தில் 400 யார்டை 300னு நினைச்சு சுட்டுக் காயப்படுத்தினவங்க ஏராளம். வெட்டவெளியில் மனுஷக் கண்ணுக்குத் தூரம் தெரியாது. ஒவ்வொரு வேட்டைக்காரர் கழுத்திலும் ஒண்ணு தொங்கணும். என் சண்டை அதை எதுக்கு வாங்கறோம்கிறதில். 1000 யார்டில் இரும்புத் தகட்டை டங்குனு அடிக்கிற விளையாட்டு எனக்கும் பிடிக்கும். அதுக்கு 3000 யார்டு பொட்டி, டிரைபாட் எல்லாம் தாராளமா வாங்குங்க. தகட்டுக்கு வயிறு கிடையாது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887ல் ஆரம்பிச்ச பூன் அண்ட் க்ரோக்கெட் கிளப், சைவக்காரங்க சங்கம் இல்லை, கொம்பு அளந்து ரெக்கார்டு வைக்கிற சங்கம். எவ்வளவு தூரத்தில் உயிரை அடிக்க முடியும்னு சோதிக்கிறதுதான் நோக்கம்னா அதுக்கு வேட்டைன்னு பேரே கிடையாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

சரி, எதைத்தான் வாங்கறது? ஒரு பீப்பாய்க் குண்டு சுட்டுப் பழகி, மண்டி போட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு, பத்துக்குப் பத்து 8 இன்ச் தட்டில் அடிக்கிற தூரம் எதுவோ அது உங்க எல்லை. பெரும்பாலானவங்களுக்கு அது 300, ரொம்பத் தேறினவங்களுக்கு 400. மானுக்கு 600 எட்டுதுன்னு பொடி எழுத்தில் இருந்தாலே அதுக்குத் தாராளம். அப்புறம் "தொலைவானதை எடு"ங்கிற மோட் இருக்கான்னு பாருங்க. கோல்ஃப் பொட்டிகள் கிட்டக்க இருக்கிறதைப் பிடிக்கும், கொடிக்குப் பின்னாடி மரம் இருக்குமே, அதுக்காக. நமக்கு நேரெதிர், முன்னாடி புதர், பின்னாடி மான். ஆஃபர்னு கோல்ஃப் பொட்டி வாங்கிட்டு புதரை அளந்துக்கிட்டு இருக்காதீங்க. டிஸ்ப்ளே சிவப்பில் ஒளிரணும். கறுப்பு எழுத்து எல்சிடி, மான் வெளியே வர அந்தி நேரத்தில் படிக்கவே முடியாது. மலைப்பகுதின்னா சரிவுக் கணக்கு அவசியம். 30 டிகிரி சரிவில் 500 யார்டு காட்டினா, 433க்கான கணக்கைப் போட்டுத்தான் சுடணும். பீம் விரிவை ஸ்பெக்கில் போடாத கம்பெனியை நான் தொட மாட்டேன். இவ்வளவும் 300, 400 டாலருக்குள் கிடைக்குது. மிச்சக் காசில் குண்டு வாங்கிக் காத்தடிக்கிற நாளாப் பார்த்துச் சுட்டுப் பழகுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. மத்தியானமா கடைக்குப் போங்க. சாம்பிள் பீஸை வெளியே பார்க்கிங் லாட்டுக்கு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. கடைக்காரர் தெருமுனைப் பலகையைக் காட்டுவார், அதை விட்டுட்டு அதுக்குப் பின்னாடி இருக்கிற காய்ஞ்ச மரத்தைக் குறி பார்த்து அழுத்துங்க. வெறும் கோடு கோடா காட்டினா டப்பாவை அவர்கிட்டயே கொடுத்துட்டு வந்துடுங்க.