காய்க்காத வருஷம்



அறுப்பின் பண்டிகை நெருங்கும்போதெல்லாம் சபைகளில் ஒரு சொல் அடிபடுகிறது: கனியற்ற மரம். சென்ற வருஷம் தாராளமாய்க் கொடுத்த குடும்பம் இவ்வருஷம் கொடாமற்போனால், அக்குடும்பத்தின் ஆவிக்குரிய நிலையையே சந்தேகிக்கிறோம். அச்சொல்லை நாம் தவறாய்க் கையாளுகிறோம் என்பது என் கருத்து. மரங்களை அறிந்தவர்களிடம் கேட்டாலே அது விளங்கும்.

ஆப்பிளிலும் மாவிலும் பல இரகங்கள் ஒரு வருஷம் கொத்துக்கொத்தாய்க் காய்த்து, மறுவருஷம் ஓய்ந்துவிடும். ஆப்பிள் மரத்தில் அடுத்த வருஷத்துக்கான பூமொட்டுகள், இவ்வருஷத்துக் காய்கள் கிளையில் பருத்துக்கொண்டிருக்கும்போதே உருவாகவேண்டும். காய்களின் விதைகளில் சுரக்கும் ஜிப்ரலின் அதைத் தடுக்கிறது. மரத்தின் சத்தையும் காய்களே இழுத்துக்கொள்கின்றன. ஆகவே, அளவுக்கு மிஞ்சிக் கொடுத்த மரமே மறுவருஷம் வெறுங்கிளையாய் நிற்கிறது.

இதை மாற்ற ஆராய்ச்சியாளர் வெகுவாய் உழைத்திருக்கிறார்கள். மொட்டுள்ள குச்சிகளில் காமாக் கதிரைச் செலுத்தி, மரபணுவில் மாற்றத்தைத் தூண்டி, ஒட்டுக்கட்டி, வருஷக்கணக்காய்க் காத்திருப்பது ஒரு வழி. எழும் மாற்றங்களில் பெரும்பாலானவை உதவா. அரிதாய் ஒன்று தேறும். நம் நாட்டு மாவிலோ இனக்கலப்பு கைகொடுத்தது. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடநாட்டுத் தசேரியையும் தென்னாட்டு நீலத்தையும் கலந்து, 1970-களில் மல்லிகா, ஆம்ரபாலி என்னும் இரகங்களைத் தந்தது. தசேரி ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் காய்ப்பது. நீலம் வருஷந்தோறும் காய்ப்பது. (உள்ளே வண்டு இருக்குமென்று நாம் இளக்காரமாய்ப் பேசும் அதே நீலந்தான்.)

இது சிருஷ்டிகரின் வேலையில் தலையிடுவதல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்தைப் பேணும் பொறுப்பை மனிதனிடம் கொடுத்தவர் தேவனே. அவர்களிடம் நான் மெச்சுவது, காய்க்காத மரத்தைக் கண்டதும் கோடரியைத் தேடாமல், ஏன் காய்க்கவில்லை என்று கேட்டதைத்தான். லூக்கா 13-ஆம் அதிகாரத்து அத்திமர உவமையில் வரும் தோட்டக்காரனும் ஒரு வருஷத் தவணை கேட்டான். வேரடியைக் கொத்தி எருப்போடத் தானே முன்வந்தான்.

நம் பகுதியையே பாருங்கள். காசிமேட்டு விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் நிற்கின்றன. மீன்வளம் பெருகக் கடலுக்கு ஓய்வு வேண்டுமென்று அரசாங்கமே ஒப்புக்கொள்கிறது. சபை தன் மக்களுக்கு அவ்வளவும் ஒப்புக்கொள்வதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைத் தொடர்ந்து எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, படகும் வலையும் கறுத்துத் தொழிலற்று நின்ற குடும்பங்கள் எத்தனை! மணலி, திருவொற்றியூர் ஆலைகளில் ஒப்பந்தம் முடிந்து வீட்டிலிருப்போர் எத்தனை! தங்கையின் கல்யாணத்துக்கும் தகப்பனின் சிகிச்சைக்கும் ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்ந்துபோனவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்போம்?

சபை மூப்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. இவ்வருஷம் அறுப்பின் பண்டிகையில் பெயரையும் தொகையையும் வாசிப்பதை நிறுத்திவிடுங்கள். சென்ற வருஷம் கொடுத்து இவ்வருஷம் கொடாதவர்களின் பெயர்களை மாத்திரம் குறித்துக்கொண்டு, பண்டிகைக்கு முந்தின வாரமே அந்த வீடுகளுக்குப் போங்கள். போகும்போது காணிக்கைக் கவரை ஆலயத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள்.