கடலில் மறைந்த தாதியர்

யுத்த சரித்திரம் எழுதுவோர் படைத்தலைவர் பெயர்களை விரித்துரைப்பர். புண்பட்டோருக்குப் பணிபுரிந்து மாண்ட தாதியரையோ ஒரு தொகையாகக் கூறி அமைவர். அவர் ஒவ்வொருவரும் யாவர், எங்ஙனம் மாண்டனர் என ஆராய்ந்து துணிவதே உண்மைச் சரித்திரம் என்பது எமது கருத்து. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரை விட்டு நீங்கிய கப்பல்களின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாதற்கு மூன்று நாள் முன்னர், 12-ஆம் தேதியன்று, 'வைனர் புரூக்' என்னும் கப்பல் 65 ஆஸ்திரேலியப் படைத் தாதியரையும் பெண்டிர் குழந்தைகள் பலரையும் ஏற்றிச் சென்றது. 14-ஆம் தேதி பாங்காத் தீவினருகே விமானக் குண்டுகளால் அது மூழ்கிற்று. தாதியருள் 12 பேர் கடலில் மாண்டனர். ராஜி கடற்கரையை அடைந்த 22 பேரை 16-ஆம் தேதி ஜப்பானியப் போர்வீரர் கடலுக்குள் நடக்கச் செய்து பின்னின்று சுட்டனர். விவியன் புல்விங்கெல் அம்மையார் ஒருவரே பிழைத்தார். அவரும் வேறு 31 பேரும் மூன்றரை ஆண்டு சிறைமுகாம்களிற் கிடந்தனர்; அங்கே 8 பேர் இறக்க, 24 பேரே தாயகம் மீண்டனர்.

இவ்வாறு 65 பேருக்கும் கணக்குத் தீர்ந்தது. சான்று பகர ஒருவர் உயிர்வாழ்ந்தமையே இதற்குக் காரணம். சிறையில் தோழியர் யாவரும் அவ்விரகசியத்தைக் காத்தனர்; வெளிப்பட்டிருப்பின் அவருயிர் எஞ்சியிராது. 1946-இல் டோக்கியோ நீதிமன்றத்தில் அம்மையார் சாட்சியம் அளித்தார். ஆயினும் அதுவும் முழுமையன்று. அத்தாதியர் கொல்லப்படுமுன் மானபங்கம் செய்யப்பட்டனர் என்பதற்கும், அதனைக் கூறாதிருக்குமாறு அம்மையார் பணிக்கப்பட்டார் என்பதற்கும் உரிய சான்றுகளை லினெட் சில்வர் என்னும் ஆராய்ச்சியாளர் 2019-இல் வெளியிட்டார்.

பிப்ரவரி 14-ஆம் தேதியே பொம்பொங் தீவினருகே குண்டுக்கு இரையான 'குவாலா' என்னும் கப்பலிலும் தாதியர் பலர் இருந்தனர். கரையேறிய பெண்டிரையும் குழந்தைகளையும் ஏற்றிச் சென்ற 'தஞ்சோங் பினாங்' கப்பலும் 17-ஆம் தேதி இரவு சுட்டு மூழ்கடிக்கப்பட்டது. மார்கட் டர்னர் என்னும் ஆங்கிலத் தாதியார் மிதவையொன்றில் ஏறினார். உடனிருந்தோர் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக மாள, அவர் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்டார். அவசரத்தில் ஏறினோர்க்கு முழுமையான பட்டியல் ஏது? சாட்சி இல்லாதவிடத்து ஆராய்ச்சியாளனே சாட்சியாதல் வேண்டும்.

பழம்புண்ணைக் கிளறுவதால் யாது பயன் எனச் சிலர் வினவுவர். மகள் எவ்வாறு மாண்டாள் என்றறியாது கண்மூடிய பெற்றோரை அன்னார் எண்ணிப் பார்க்கவில்லை போலும். மறைத்தலாற் புண் ஆறுவதில்லை. குற்றம் செய்தோரே அதனாற் பயனடைவர்.

மாணவர்காள், இத்தகைய ஆராய்ச்சி பேரறிவினும் பெரும் பொறுமையையே வேண்டுவது. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளையும், சிறைமுகாம்ப் பட்டியல்களையும், மீண்டோர் கடிதங்களையும் ஒப்புநோக்குக. ஒருத்தியின் பெயர் இருவகையாய் எழுதப்பட்டிருப்பின் இருவரென எண்ணற்க. இரக்கத்தால் கற்பனை கலவற்க. துணியலாகாததைத் துணிந்ததாக எழுதற்க. மாண்டாருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு புகழுரையன்று. பிழையற்ற ஒரு வரியே.