கையூன்றாமல் எழும்புங்கள்



இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல். அன்று அது மரண அறிவித்தல் மாதிரித்தான். இன்றோ, அரச கிளினிக்கில் இலவசமாகத் தரும் மாத்திரையை நாள் தவறாமல் எடுத்துக்கொண்டு பேரப்பிள்ளை காணும் வயதுக்கு வந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். வைரசு இரத்தத்தில் தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடந்தால் தாம்பத்திய உறவாலும் தொற்றாது. இதை நம் ஊர்களில் இன்னும் எவ்வளவோ பேருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வைரசு அடங்கினாலும் உடம்புக்குள் மெல்லிய அழற்சி ஓய்வதில்லை. தசை கரைவது, எலும்பு மெலிவது, இருதய வருத்தம் எல்லாம் கொஞ்சம் முந்தியே எட்டிப்பார்க்கலாம். இங்கேதான் உடற்பயிற்சி கைகொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் எச்.ஐ.வி.யோடு வாழ்வோரையும் சேர்த்தே சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், 2 நாளாவது தசைக்கு வேலை.

"கரைவலை இழுத்த உடம்புக்கு எக்சர்சைஸ் எதுக்கு?" என்று மன்னாரின் பேசாலையில் கேட்பார்கள். வலை இழுத்தது முப்பது வயதில், ஐயா. இப்போது நாள் முழுக்கக் குந்தியிருந்து வலை தைக்கும் கால்களுக்குப் பலம் எங்கிருந்து வரும்?

கைப்பிடியில்லாத கதிரை ஒன்றை வழுக்காமல் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை நெஞ்சில் குறுக்காகக் கட்டி, எங்கும் ஊன்றாமல் எழும்புங்கள். பிறகு தொப்பென்று விழாமல் மெல்ல மெல்ல இருங்கள். இறங்கும்போதும் தொடை உழைக்கிறது. ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்குப் போகலாம். தண்ணீர்ப் போத்தலில் மணல் நிரப்பினால் கைக்கும் பாரம் தயார். நெஞ்சு நோ, தலைச்சுற்று இருந்தவர்கள் முதலில் கிளினிக் வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். மன்னார் வெயில் ஏறுமுன் விடியவே நடக்கவும் செய்யுங்கள்.

எங்கே போகிறாய் என்று கேட்காமல் விடாத தீவு இது. கிளினிக் வாசலில் எவர் கண்ணிலும் பட்டுவிடக்கூடாதே என்று அஞ்சுகிறவர்கள் இங்கே உண்டு. ஆனால் தாழ்வுபாட்டு வீதியில் நடக்கிறவரைப் பார்த்து எவரும் எதையும் ஊகிக்கப்போவதில்லை. சீனி வருத்தக்காரரும் பிரஷர்காரரும் அங்கேதானே நடக்கிறார்கள்.

ஊர்தோறும் உள்ள முதியோர் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் இரண்டு காலை, உங்கள் மண்டபத்தில் இந்தக் கதிரைப் பயிற்சியைத் தொடங்குங்கள். வருகிறவரின் பெயரை மட்டும் எழுதுங்கள். என்ன வருத்தம் என்று கேட்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்