கிராங்க் தட்டுகிறதா?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வைத்தார்கள் நம் பெரியவர்கள். மனிதர்களில் சிலர் மறந்தாலும் மறப்பார்கள். இரும்பு மட்டும் மறப்பதே இல்லை! ஒரு தடவை உப்புப் பட்டு விட்டால், அந்த நினைவு முதலில் துருவாகவும், பிறகு புள்ளியாகவும், கடைசியில் பள்ளமாகவும் வளர்ந்து கொண்டே போகும்.

மரக்காணம் பக்கத்து வாசகர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரைச் சாலை ஓரமாகக் கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளங்கள். பாத்திகளில் உப்பு பூக்கும். காற்றில் உப்பு பறக்கும். அளத்துக்குப் போய் வருவதற்கும் வண்டிதான்; மூட்டையைப் பின்னால் கட்டிக் கொண்டு ஊர் ஊராக உப்பு விற்பதற்கும் வண்டிதான். அது ஒரு நாள் நின்றால் அன்றைய வரும்படியும் நின்று விடும். ஆகையால் இந்த வாரம் வண்டியின் முதுகெலும்பாகிய கிராங்கைப் பற்றிப் பார்ப்போம்.

கிராங்க் என்றால் என்ன என்று கேட்கும் சகோதரிகள் தங்கள் வீட்டுத் தையல் மிஷினைப் பார்க்கட்டும். கால் மிதி மேலும் கீழும் ஆடுகிறது, சக்கரம் சுற்றுகிறது. இரண்டையும் இணைப்பது ஒரு கம்பி. இஞ்சினில் மிதிக்குப் பதில் பிஸ்டன். கம்பிக்குப் பெயர் கனெக்டிங் ராடு. ராடின் அடிப்பக்கத்து வளையத்தைப் 'பிக் எண்ட்' என்பார்கள். அது மாட்டியிருக்கும் உருக்குத் தண்டுதான் கிராங்க் பின். இரண்டு பக்கமும் கனமான சக்கரங்கள். நடுவில் இந்தப் பின். இந்த ஜோடி முழுவதும் சேர்ந்ததுதான் கிராங்க்.

1956 முதல் சென்னை திருவொற்றியூரில் தயாரான புல்லட் வண்டியை எடுத்துக் கொள்ளுங்கள். 350 புல்லட்டின் பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால், அது ஒரு வினாடியில் 100 தடவை நின்று திரும்புகிறது. அத்தனை இடியையும் தாங்குவது அந்த ஒரு பின்! அதற்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும் வரையில் கவலையில்லை. படலம் அறுந்தால் இரும்பும் இரும்பும் உரசும், இடைவெளி பிறக்கும், சப்தம் கேட்கும்.

எல்லாச் சப்தமும் கிராங்க் சப்தம் அல்ல. காலையில் குளிர்ந்த இஞ்சினில் 'டொக் டொக்' என்று கேட்டு, சூடேறியதும் குறைந்தால் அது பிஸ்டன் ஆட்டம். மேட்டில் ஏறும்போது மட்டும் 'கிணுகிணு' என்றால் இக்னிஷன் நேரத்தைச் சரி பார்க்க வேண்டும். கால் வைக்கும் கம்பியில் அதிர்வோடு 'கர்ர்' என்ற உறுமல் தெரிந்தால் மெயின் பியரிங்கைச் சந்தேகிக்கலாம். வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, ஆக்ஸிலேட்டரை விடும்போதும் மறுபடி மெதுவாகத் திருகும்போதும் சுத்தியலால் தட்டுவது போல 'தட், தட்' என்று அடிவயிற்றிலிருந்து கேட்டால் அதுதான் பிக் எண்ட். சூட்டில் எண்ணெய் இளகிப் போவதால் சப்தம் அப்போது கூடுகிறது.

சந்தேகம் வந்ததும் பழைய எண்ணெயை ஒரு வெள்ளைத் துணி வழியாக வடித்துப் பாருங்கள். பளபளவென்று உலோகத் துகள் தென்பட்டால் வண்டியை அன்றே நிறுத்துங்கள். இன்னும் ஒரு நடை, இன்னும் ஒரு மூட்டை என்று ஓட்டினால் ராடு முறியலாம்; இஞ்சின் உறைந்து பின் சக்கரம் அப்படியே பூட்டிக் கொள்ளலாம். ஓடும்போது அப்படி நேர்ந்தால் உடனே கிளட்சைப் பிடியுங்கள். போவது வண்டி மட்டும் அல்ல என்பதால் சொல்கிறேன்.

அடுத்தது கைப் பரீட்சை. சிலிண்டரைக் கழற்றச் சொல்லி, பிக் எண்டில் உள்ள எண்ணெயைக் கழுவச் செய்யுங்கள். ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் பின் தேய்ந்து விட்டது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயற்கை. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கிராங்கை நான்கைந்து நிலைகளில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. பின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்வதில்லை. இந்தப் பரீட்சை செய்யாமல் பிஸ்டனும் போரும் மாற்றி விட்டு, பழைய சப்தம் போகாமல் இரண்டாம் தடவை பணம் கொடுப்பவர்கள் உண்டு. அவர்களில் நீங்களும் ஒருவராக வேண்டாம்.

கிராங்க் கெட்டது நிச்சயமானால் அதை வெளியே எடுத்து லேத் பட்டறைக்கு அனுப்புவார்கள். பிரஸ்ஸில் அழுத்திப் பழைய பின்னை எடுப்பார்கள். சில இஞ்சின்களில் நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். பின், பியரிங், ராடு மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பின்னில் புது ராடைப் போடுவது, கிழிந்த வேஷ்டிக்குப் பட்டுக் கரை தைப்பது போன்றது! மெயின் பியரிங்கையும் ஆயில் சீல்களையும் அதே சமயம் பார்த்து விடுங்கள்.

முக்கியமான வேலை இனிமேல்தான் இருக்கிறது. இரண்டு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் சுற்ற வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்குவார்கள். பொதுவாக முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. தலைமுடி ஒன்றின் கனமே ஏறக்குறைய அவ்வளவுதான்! பட்டறையில் கூடவே நின்று அந்த முள்ளைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி சந்தோஷமாகக் காட்டுவார்.

பின் ஏன் கெட்டது என்று கேட்காமல் மூடி விட்டால் புதுப் பின்னும் அதே வழியில் போகும். எண்ணெய்ப் பாதை அடைத்திருந்ததா, பம்பு வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே இஞ்சினைப் பூட்ட வேண்டும். முதல் 500 கிலோமீட்டர் மூட்டை ஏற்றாமல் நிதானமாக ஓட்டி, எண்ணெயை மாற்றுங்கள்.

இனி உப்பின் கதை. மழைக் காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிகிறதல்லவா? காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுக்கும். அளத்து உப்பில் மக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசிய ஆரம்பித்து விடும். வண்டியில் படிந்த உப்புத் தூசி ஈரத் துணி போலவே ஒட்டிக் கொண்டிருக்கிறது. டி.வி.எஸ். 50 போன்ற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் உள்ளே போகும் காற்று கிராங்கைத் தழுவிக் கொண்டுதான் போகும். காற்று வடிகட்டி கிழிந்திருந்தால் உப்பும் கூடவே போகும்.

ஐப்பசி, கார்த்திகையில் அளம் வெள்ளக்காடாகி வேலை நிற்கும், வண்டியும் நிற்கும். அப்போதுதான் உருளைகளில் துரு புள்ளி வைக்கிறது. தையில் வண்டியை எடுத்ததும் அந்தப் புள்ளி பள்ளமாகப் பெயர்கிறது. நிறுத்துமுன் எண்ணெயை மாற்றி, வண்டியை நன்றாகச் சூடேறும்படி ஓட்டுங்கள். ஆறிய பின் பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மெதுவாக நாலு உதை உதைத்து மூடி வையுங்கள். செலவு ஒரு கரண்டி எண்ணெய்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை மட்டும் ஒரு போதும் உதைக்காதீர்கள். 2024 நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தப் பக்கத்து அளங்கள் நீரில் மூழ்கின. அப்படிப்பட்ட சமயத்தில் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். தண்ணீர் அமுங்காது, இஞ்சின் கிளம்பினால் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றிய பிறகே மற்றது.

வண்டி பேசுகிற பாஷை சப்தம் ஒன்றுதான். முதல் தட்டலிலேயே காது கொடுத்தால் செலவு பின்னோடும் பியரிங்கோடும் நிற்கும். கேளாதவர்களுக்கு இஞ்சினே புதிதாக வேண்டியிருக்கும்.