ஆலை நிலமும் குடியிருப்பும்

சென்னைப் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் சங்கொலி கேட்டுக் கண்விழித்த தலைமுறை இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. 1918-ஆம் வருஷத்தில், ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று தேச சரித்திரம் போற்றும் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைத் தொழிலாளருக்காகவே பிறந்தது. 1996-இல் ஆலைகள் மூடப்பட்டன. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன. பம்பாயிலும் இதுவே கதை. 1982-ஆம் வருஷத்து மகத்தான வேலைநிறுத்தத்திற்குப் பின் ஓய்ந்துபோன பஞ்சாலைகளின் நிலத்தில் வானளாவும் கட்டடங்கள் தோன்றிவிட்டன. இனி நம் நகரங்கள் எங்கும் இவ்வாறே நடக்கும் என்பதில் ஐயமில்லை.

ஆலை நிலத்தில் வீடு கட்டுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஏரியைத் தூர்த்தும் நன்செயை அழித்தும் நகரத்தைப் பெருக்குவதைக் காட்டிலும், பயனற்றுக் கிடக்கும் ஆலை நிலத்தைப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல். ஆகையால் கட்டலாமா, கூடாதா என்பதன்று கேள்வி. கட்டுவதற்கு முன் மண்ணைப் பரிசோதித்தார்களா என்பதே கேள்வி.

ஆலை மூடப்பட்டதும் முதலாளி போய்விடுகிறார், தொழிலாளி போய்விடுகிறான். மண்ணில் இறங்கிய விஷம் மட்டும் போவதில்லை. சாயப் பட்டறையின் குரோமியம், பாட்டரித் தொழிற்சாலையின் ஈயம், இயந்திரங்களிலிருந்து கசிந்த எண்ணெய் ஆகிய யாவும் கண்ணுக்குத் தெரியாமல் பூமிக்கடியில் தங்கி, மெல்ல மெல்லக் கிணற்று நீரில் கலக்கின்றன. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு சுமார் ஒன்றரை லட்சம் டன். அது வருஷக்கணக்கில் அங்கேயே குவிந்து கிடந்து, சுற்றிலுமுள்ள நிலத்தடி நீரைக் கெடுத்ததைத் தமிழ்நாடு அறியும்.

அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சிக்கருகே லவ் கால்வாய் என்றோர் இடம். 1942 முதல் சுமார் 20,000 டன் ரஸாயனக் கழிவை அங்கே புதைத்த கம்பெனி, 1953-இல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு விற்றது. பிற்காலத்தில் தீங்கு நேர்ந்தால் தான் பொறுப்பில்லை என்று பத்திரத்தில் எழுதிவைக்கவும் அது மறக்கவில்லை! அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. கால் நூற்றாண்டுக்குப் பின் அந்த விஷம் வீடுகளின் நிலவறைகளில் ஊறி வெளிப்பட்டது. 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் அவசர நிலை பிரகடனம் செய்ய, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறின. விழித்துக்கொண்ட அந்நாடு 1980-இல் கெட்டுப்போன நிலங்களைச் சுத்தம் செய்யத் தனிச் சட்டமே இயற்றியது.

சட்டம் மட்டும் போதுமா? ஸான் பிரான்ஸிஸ்கோவின் ஹண்டர்ஸ் பாயிண்ட் கப்பற்பட்டறையைப் பாருங்கள். அணுக்கதிர் ஆராய்ச்சியால் மாசுற்ற அந்த நிலத்தைச் சுத்தம் செய்து ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். சுத்தம் செய்ய அமர்த்தப்பட்ட கம்பெனியின் மேற்பார்வையாளர் இருவர், மாசுற்ற மண்ணுக்குப் பதிலாக வேறிடத்து நல்ல மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 2018-இல் அவர்கள் சிறை சென்றார்கள். ஆனால் குடியேறிய ஜனங்களின் மனத்தில் புகுந்த அச்சத்தை எந்த நீதிமன்றம் போக்கும்?

நம் நாட்டு நிலைமை என்ன? 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களுக்கு முன் அனுமதி வேண்டும். ஆனால், பொதுஜனங்களின் கருத்தைக் கேட்பதிலிருந்து இத்தகைய கட்டடங்களுக்கு அதே அறிவிக்கை விலக்கு அளித்துவிட்டது. விண்ணப்பத்துக்கு வேண்டிய அறிக்கைகளைத் தயாரிக்கும் நிபுணருக்குச் சம்பளம் கொடுப்பவரோ, கட்ட விரும்பும் கம்பெனிக்காரர். வழக்காளியே சாட்சிக்குப் படியளக்கும் நீதிமன்றத்தில் நியாயத்தை எதிர்பார்ப்பதெப்படி? 2025 ஜூலையில் மத்திய சர்க்கார் மாசுற்ற நிலங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டதை நாம் வரவேற்கிறோம். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை அவ்விதிகளில் இருக்கிறது. ஆனால் ஏட்டிலுள்ள விதி நாட்டில் நடமாட வேண்டாமா?

பரிசோதனையால் தாமதமாகும், வீட்டின் விலை ஏறும், ஏழைகளுக்கு வீடு கிடைக்காது என்று சிலர் வாதிக்கிறார்கள். வீட்டுப் பஞ்சம் உண்மையே; அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சில மாதப் பரிசோதனையின் செலவு எங்கே, குடியேறிய பின் குடும்பங்களைக் கிளப்பி மண்ணை வாரும் செலவு எங்கே? அந்தச் செலவைக் கட்டியவர் ஏற்பதில்லை. ஆயுள் முழுவதும் கடன் கட்டி வீடு வாங்கியவரும், வரி செலுத்தும் பிரஜையுமே ஏற்கிறார்கள். ஏழைக்கு மலிவான வீடு வேண்டும் என்பதற்காக மலிவான உயிர் என்று அவனை மதிப்பது எந்த நியாயம்?

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். பழைய தொழிற்சாலை நிலம் எதுவாயினும், வீடு கட்ட அனுமதி அளிக்குமுன் மண்ணும் நிலத்தடி நீரும் பரிசோதிக்கப்பட வேண்டும். பரிசோதிப்பவரை நியமிப்பது சர்க்காராக இருக்க வேண்டும். செலவு மட்டுமே கம்பெனியுடையது. முடிவைத் தமிழில் அச்சிட்டு, அவ்வட்டாரத்து ஜனங்களைக் கூட்டி அவர்கள் முன் வைக்க வேண்டும். அந்த ஆலையில் உழைத்த பழைய தொழிலாளரையும் விசாரிக்க வேண்டும். எந்தப் பள்ளத்தில் எதைக் கொட்டினார்கள் என்பது நிபுணரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

சட்டமன்ற அங்கத்தினர்களும், நகரசபை அங்கத்தினர்களும், தொழிற்சங்கத்தாரும் இதைத் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். அஸ்திவாரம் தோண்டுமுன் கேட்கப்படும் கேள்விக்கே பயன் உண்டு. கிருகப்பிரவேசம் முடிந்தபின் கேட்டு என்ன செய்வது?