வெள்ளிமுதுகும் நம்முடைய வெட்டி வீரமும்

2025 ஏப்ரலில் உலகம் முழுக்க ஒரு கேள்வி சுற்றியது. ஆயுதமில்லாத நூறு ஆண்கள் ஒரு பக்கம், ஒரே ஒரு ஆண் கொரில்லா இன்னொரு பக்கம். யார் ஜெயிப்பார்? எங்கள் புலனக் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது. கவிதை எழுதுகிறவர்கள், ஒரு நாவலைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள் இருக்கிற குழு. இரண்டு நாள் விடாமல் அடித்துக்கொண்டார்கள். முதல் இருபது பேர் விழுவார்களாம், ஐம்பதாவது ஆள் வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடுமாம். அந்தக் கொரில்லா எதுக்காக நூறு பேரோட சண்டைக்கு வரணும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

விளையாட்டுதானே, இவ்வளவு சீரியஸா எடுத்துக்கணுமா என்பீர்கள். வெறும் விளையாட்டென்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இதே படம்தான் ஜிம் பனியனில் இருக்கிறது. இதே படம்தான் தன்முனைப்பு முகாம்களின் திரையில் ஓடுகிறது. நான் உட்கார்ந்திருந்த ஒரு முகாமில் பேச்சாளர் முஷ்டியால் நெஞ்சில் குத்திக்கொண்டு, "சில்வர்பேக் மாதிரி இருங்கடா! அது யாருக்கும் இறங்கிப் போகாது" என்றார். மண்டபம் நிறைய பையன்கள் கைதட்டினார்கள்.

அவர் குத்தியதே தப்பு. கொரில்லா முஷ்டியால் குத்திக்கொள்வதில்லை. உள்ளங்கையைக் குழித்துத் தட்டும். அந்த ஒலி காட்டுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். உடம்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு தாழ்ந்த சுருதியில் அது ஒலிக்கிறது என்று 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. தன் அளவைத் தூரத்திலிருந்தே தெரிவித்துவிடுகிறது. கேட்கிற இன்னொரு ஆண் யோசித்து விலகிப் போகலாம். இரண்டு தரப்பும் அடிபடாமல் தப்பிக்க ஒரு வழி அது. நம் பேச்சாளருக்கு அதுவே யுத்த முரசு.

சரி, யார் இந்த சில்வர்பேக்? பன்னிரண்டு வயதை ஒட்டி ஆண் கொரில்லாவின் முதுகு நரைக்க ஆரம்பிக்கும். அவ்வளவுதான். மலைக் கொரில்லாக்கள் இருப்பது ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடரிலும், உகாண்டாவின் பிவிண்டி காட்டுப் பகுதியிலும் மட்டும்தான். 1959இல் அங்கே போன ஜார்ஜ் ஷாலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறித்துவைத்தது பெரும்பாலும் சாப்பாட்டையும் தூக்கத்தையும்தான். காட்டு செலரி, முட்செடி, மூங்கில் குருத்து, பிறகு மதியத் தூக்கம். எதிரியைத் தேடி அலைகிற சினிமா நாயகனை அங்கே காணோம்.

அந்த நாயகனை உண்டாக்கியது புத்தகம்தான். எழுதுகிற நாம் இதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒத்துக்கொள்ள வேண்டும். 1861இல் பால் டு ஷாயூ என்பவர் மேற்கு ஆப்பிரிக்கக் கொரில்லாக்களை நரகத்திலிருந்து வந்த பேய்களைப் போல வர்ணித்து எழுதினார். 1933இல் கிங் காங் வந்தது. (தமிழில் நாம் 'கொரில்லாப் போர்' என்று எழுதுவது தனிக் கூத்து. சிறு போர் என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லுக்கும் இந்த விலங்குக்கும் சம்பந்தமே கிடையாது. எழுத்தை மாற்றிப்போட்டு அதன் தோளில் துப்பாக்கியும் மாட்டிவிட்டோம்.) அசுரன் என்று எழுதிவிட்டால், அதைக் கொன்றவன் வீரன். அசுரனின் தலைக்கு விலை உண்டு.

1977 டிசம்பர் 31. டயன் ஃபாஸி பத்து வருடமாகப் பார்த்துவந்த கூட்டத்தில் டிஜிட் என்ற இளம் வெள்ளிமுதுகு இருந்தது. கள்ள வேட்டைக்காரர்களையும் அவர்களுடைய நாய்களையும் அது தடுத்து நின்றது. மற்றவை தப்பித்தன. டிஜிட்டின் உடல் கிடைத்தபோது தலையும் கைகளும் இல்லை. கொரில்லாத் தலையைச் சுவரில் மாட்டவும், கையைச் சாம்பல் கிண்ணமாக வைக்கவும் காசு கொடுக்க அன்றைக்கு ஆள் இருந்தது. பலத்தின் சின்னம், பாருங்கள்.

அடுத்த ஜூலையில் அதே கூட்டத்தின் தலைவன் அங்கிள் பெர்ட் கொல்லப்பட்டது. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லணும், இல்லையென்றால் நானும் பேச்சாளர் வேலையைத்தான் செய்கிறேன் என்றாகும். கொரில்லா சாந்த சொரூபியும் கிடையாது. தலைவன் போன சில வாரங்களில் பீட்ஸ்மி என்ற ஆண், ஃபிளாசி என்ற தாயின் கைக்குழந்தையைக் கொன்றது. தலைவன் இல்லாத கூட்டத்தில் குட்டிகளுக்கு இது நேர்கிறது. பெண்களை அடித்து மிரட்டும் ஆண்களும் உண்டு. ஆனால் மிரட்டினால் மட்டும் போதாது. பெண் கொரில்லாவுக்குப் பிடிக்கவில்லையென்றால், இரண்டு கூட்டங்கள் சந்திக்கும்போது எழுந்து எதிர்க் கூட்டத்தோடு போய்விடும். ஃபிளாசியும் போனது. அதன் மகன் டைட்டஸ், நான்கு வயதுகூட நிரம்பாதது, ஆண்களோடு தங்கி வளர்ந்தது. அந்த ஆண்களில் பீட்ஸ்மியும் இருந்தது. பிற்காலத்தில் டைட்டஸ் தலைவனாகிப் பல வருடம் கூட்டத்தை நடத்தி 2009இல் இறந்தது. இந்தக் கதையை எந்த பனியனில் அச்சடிப்பீர்கள்?

ஃபாஸி தொடங்கிய கரிசோக்கே மையத்தின் குறிப்புகளை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. குட்டிகளோடு அதிக நேரம் இருந்து, பேன் பார்த்து, பக்கத்தில் படுக்கவிட்ட ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் வாரிசுகள். அதிலும், அது தன் குட்டியா அடுத்தவன் குட்டியா என்று அவை பார்ப்பதாகத் தெரியவில்லை. 2021இல் இன்னொன்று: இரண்டு வயதுக்கு மேல் தாயை இழந்த குட்டிகள் கூடுதலாகச் செத்துவிடவில்லை. தாய் போன பிறகு அவை தலைவனோடு ஒட்டிக்கொள்கின்றன. வெள்ளிமுதுகின் கூட்டிலேயே ராத்திரி தூங்கும் அநாதைக் குட்டிகளும் உண்டு. யாருக்கும் இறங்கிப் போகாதாம்! அதன் மேல் ஏறிக் குதிக்கிற குட்டிகளிடம் போய்ச் சொல்லுங்கள்.

1981இல் விருங்காவில் எண்ணியபோது சுமார் 254 இருந்தன. 2015-16இல் 604. பிவிண்டி பகுதியையும் சேர்த்தால் 2018 வரையிலான கணக்குப்படி 1,063. தினமும் பின்தொடர்ந்து கண்ணிகளை அறுத்து எடுக்கிறவர்கள், காட்டுக்குள்ளேயே சிகிச்சை செய்கிற மருத்துவர்கள், வனக் காவலர்கள் இவர்களால் ஏறிய எண் இது. காங்கோ பக்கத்து விருங்கா பூங்காவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட காவலர்கள் பணியில் செத்திருக்கிறார்கள். 2007இல் அங்கே செங்க்வெக்வே என்ற வெள்ளிமுதுகும் அதன் கூட்டத்துப் பெண்களும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்தப் பெரிய உடலைக் கம்புகளில் கட்டி ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அந்த வருடம் செத்த தாயின் மேல் ஒட்டியிருந்த இன்டகாசி என்ற குட்டியைக் காவலர்கள் எடுத்து வளர்த்தார்கள். 2021இல் அது தன்னை வளர்த்தவரின் மடியில்தான் செத்தது.

நூறு ஆண்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதற்கு இப்படியும் ஒரு பதில் இருக்கிறது என்று குழுவில் இதையெல்லாம் எழுதிப் போட்டேன். ஒருத்தர் கட்டைவிரல் காட்டினார். அடுத்த செய்தி: "சரி ப்ரோ, யானைன்னா எத்தனை பேர் வேணும்?"