கேஸ் எங்கே போனது?

கோடை தொடங்கியதும் டெல்லி பட்டறைகளில் கார்க்காரர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஏசி குளிரவில்லை, கேஸ் போடுங்கள்." மெக்கானிக்கும் உடனே சிலிண்டரைத் திறக்கிறார். ஓட ஓடத் தீர்ந்துபோக அது என்ன பெட்ரோலா? ரப்பர் குழாய்கள் வழியே பல ஆண்டுகளில் கொஞ்சம் குறையலாம். போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லை என்றால் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றும் கதை.

பணம் போனால் போகட்டும்; ஆபத்து வேறு. இன்று இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ, மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். இணைப்பைக் கழற்றும்போது பீறிட்டுக் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வேலை செய்வதை வீரம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நெருப்பில் பட்டால் இந்த வாயு நச்சாக மாறும். பக்கத்தில் பீடிகூடக் கூடாது. கசிவைத் தேட ஏர் கம்ப்ரஸரை மாட்டுவதும் தவறு. ஈரம் உள்ளே போய்விடும். உலர்ந்த நைட்ரஜன்தான் சரி.

எல்லாவற்றையும்விட மோசம், மலிவு என்று சமையல் கேஸ் போன்ற எரியும் வாயுவை ஏற்றுவது. குளிர்விக்கும் காயில் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அங்கே கசிந்தால் வாயு நேராகக் காருக்குள் வரும். ஒரு தீப்பொறி போதும்.

எனவே சிலிண்டர் லேபிளை நீங்களே பாருங்கள். நிரப்பும் முன் வேக்குவம் பம்ப் அரை மணி நேரமாவது ஓடட்டும். எந்த வாயு, எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரிலேயே இருக்கும். எடை போடத் தராசு இல்லாத பட்டறை என்றால், காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.